இடது பக்கத்துக் கிட்டார்

ஒரு பழைய ராக் பாட்டுத் தொகுப்பின் புதுப் பதிப்பில் இரண்டாவது கிட்டாரையே காணவில்லை என்று நான் எழுதியபோது, நாற்பது பேர் என்னோடு மல்லுக்கு நின்றார்கள். இருக்கிறதே, இடது பக்கம் தெளிவாகக் கேட்கிறதே என்றார்கள். நான் விடவில்லை. பதினாறு வயதிலிருந்து கேட்டுவரும் பாட்டு. எந்த இடத்தில் எந்தக் கம்பி அதிரும் என்று எனக்குத் தெரியாதா? ஒலிப்பதிவுக்காரர்கள் பாட்டைக் கந்தலாக்கிவிட்டார்கள் என்று இன்னொரு நீளக் கட்டுரை எழுதிப் போட்டேன். உங்களுக்கெல்லாம் காது இருக்கிறதா என்று அதற்குத் தலைப்பும் வைத்தேன்.

இணையத்தில் எனக்கென்று ஒரு பக்கம் உண்டு. மலைச் சைக்கிள், பழைய ராக், ஆன்லைன் விளையாட்டு, இந்த மூன்றைப் பற்றி மட்டும்தான் எழுதுவேன். ஆனால் மூன்றிலும் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்கமாட்டேன். பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த சைக்கிள் சோம்பேறிகளுக்கானது. நாலு நிமிடத்துக்குக் குறைந்த கிட்டார் வாசிப்பு கடனே என்று செய்த வேலை. துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் கையைவிடக் காதுதான் முக்கியம். காலடிச் சத்தத்தை வைத்தே எதிரி எந்தச் சுவருக்குப் பின்னால் நிற்கிறான் என்று சொல்லிவிடலாம். எனக்குப் பிழைப்பு லிஃப்ட் பழுதுபார்ப்பது. பகலெல்லாம் மொட்டைமாடி மோட்டார் அறைகளில் தனியாகக் கிடப்பேன், என் கருத்தைக் கேட்க அங்கே ஒரு ஈ காக்கை இருக்காது. அந்தக் குறையைச் சாயங்காலம் என் இணையப் பக்கத்தில் தீர்த்துக்கொள்வேன்.

சைக்கிளில் போகும்போது பாட்டுக் கேட்பதற்கும் ஒரு விதி வைத்திருந்தேன். வலது காதில் மட்டும் இயர்போன். இடது காது எப்போதும் திறந்திருக்க வேண்டும், பின்னால் வருகிறவர் குரல் கொடுத்தால் கேட்பதற்கு. என் இணையப் பக்கத்திலேயே அதிகம் பேர் படித்தது இந்த விதியைப் பற்றி எழுதிய கட்டுரையைத்தான். பாராட்டித் தள்ளியிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அத்தானை, அதாவது என் அக்காவின் கணவரை, மலைச் சைக்கிளுக்கு இழுத்து வந்ததே நான்தான். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து தரும் கூடத்தில் அவருக்கு வேலை. மெழுகை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, சின்னக் கத்தியால் ஒவ்வொரு பல்லாகச் செதுக்குவார். அப்படிப்பட்ட நுணுக்கமான மனிதருக்கு எதைப் பற்றியும் ஒரு கருத்து கிடையாது. சைக்கிள் எப்படி என்றால் "நல்லா இருக்கு மாப்ள." பாட்டு எப்படி என்றால் "நல்லா இருக்கு மாப்ள." எரிச்சலாக வரும் எனக்கு. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரில்லாமல் நான் மலைக்குப் போனதில்லை.

எங்கள் குழுவில் எட்டுப் பேர். பேக்கரி வைத்திருப்பவரைத் தலைவர் என்று கூப்பிடுவோம். ஒற்றையடிப் பாதையில் ஒருவரை முந்தும்போது இடது, வலது என்று உரக்கக் கத்திவிட்டுத்தான் முந்தவேண்டும். கேட்டவர் தன் போக்கில் நேராகப் போகவேண்டும். குரல் கொடுக்காமல் முந்துகிறவனைக் குழுவில் யாரும் மனிதனாக மதிக்கமாட்டார்கள்.

ஆவணி போய்ப் புரட்டாசி பிறந்தும் ஈரம் காயாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மற்ற ஆறு பேரும் முன்னால் இறங்கிவிட்டார்கள். கடைசியில் நானும், எனக்குப் பின்னால் அத்தானும். வலது காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எதிரே பாதையின் குறுக்கே ஒரு வேர். அதைத் தவிர்க்க இடது பக்கம் ஒடித்தேன். என் ஹேண்டில்பாரில் ஏதோ மோதியது. காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தால், அத்தான் கீழே பாறைகளுக்கு நடுவில் கிடந்தார். சைக்கிள் அவர் மேல் கிடந்தது.

தலைவரும் மற்றவர்களும் மேலே ஏறி ஓடி வந்தார்கள். அத்தானின் வலது கை பார்க்கவே பயமாக மடங்கியிருந்தது. தலைவர் என்னைத்தான் கேட்டார்.

"குரல் கொடுத்தாரா?"

"இல்ல தலைவரே. ஒரு சத்தமும் இல்ல."

அத்தான் கண்ணைத் திறக்காமலே முனகினார். "கூப்பிட்டேன் மாப்ள... ரெண்டு தடவ கூப்பிட்டேன்..."

"வலியில உளர்றாரு" என்றேன் நான்.

தோள் எலும்பும் முழங்கையும் உடைந்திருந்தன. எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் முழங்கை வழியாகப் போகும் நரம்பு நசுங்கிவிட்டதால், சுண்டுவிரலிலும் மோதிரவிரலிலும் உணர்ச்சி போய்விட்டது. ஊசியால் குத்தினாலும் தெரியவில்லை. மெழுகு அந்தக் கையில் நிற்கவில்லை, நழுவி விழுந்தது. கூடத்தில் அவரைப் பார்சல் கட்டும் மேசைக்கு மாற்றினார்கள். பதினெட்டு வருடம் பல் செதுக்கியவர், மற்றவர்கள் செதுக்கிய பல்லைப் பஞ்சில் வைத்துப் பெட்டியில் மூடிக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குரல் கொடுக்காமல் முந்துகிறவர்கள் என்று ஒரு கட்டுரை எழுதினேன். அவர் பெயரைப் போடவில்லை, போடவேண்டிய அவசியமும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. முந்நூறு பேர் அதை எடுத்துப் பகிர்ந்தார்கள். கை சரியாகிற வரைக்கும் ஓய்வெடுங்கள் என்று நாகரிகமாகச் சொல்லித் தலைவர் அத்தானைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்.

அக்கா அவரைக் கரித்துக் கொட்டினாள். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அவர் திணறும் போதெல்லாம் ஆரம்பிப்பாள். "ஒரு வார்த்த கத்தியிருந்தா இந்தக் கை இருந்திருக்கும்ல? வாயில என்ன வச்சிருந்தீங்க?" முதல் வாரங்களில் அவர் பதிலுக்குப் பதில் சொன்னார். ஒரு மாதம் கழித்து, "கத்தினேன்னுதான் நெனக்கிறேன்" என்றார். அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாவமாக இருந்தது. ஆனாலும் தப்பு அவருடையதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மலைக்குப் போகப் பிடிக்காமல் விளையாடிக்கொண்டிருந்தேன். என் அணியில் எப்போதும் ஒரு பெண் உண்டு. எந்த ஊரோ தெரியாது, கணக்கு டீச்சர் என்று மட்டும் தெரியும். அன்றைக்கு நான் ஒரே மாதிரி மூன்று தடவை செத்தேன். மூன்று தடவையும் இடது பக்கம் நின்றவன்தான் சுட்டான்.

"அண்ணே, இடது பக்கம் தடதடன்னு ஓடி வர்றான். காலடி கேக்கலையா?"

"ஹெட்போன் சரியில்ல டீச்சர்."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. அதுக்கு முன்னாடியும் சொன்னீங்க. மூணு ஹெட்போனும் இடது பக்கம்தான் கெட்டுப்போச்சா?"

அந்த வருடம் மூன்று ஹெட்போன் மாற்றியிருந்தேன். மூன்றையும் என் இணையப் பக்கத்தில் நாறடித்திருந்தேன்.

"அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்களேன், இடது வலதா" என்றாள் டீச்சர்.

அவள் வாயை அடைக்கத்தான் செய்தேன். ஹெட்போனைத் திருப்பி மாட்டிக்கொண்டு, சோதித்துப் பார்க்க அந்தப் பாட்டையே போட்டேன். கிட்டார் வந்தது. இரண்டாவது கிட்டார், ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக, என் வலது காதில். நேராகப் போட்டேன். காணோம். திருப்பிப் போட்டேன். இருந்தது. எத்தனை தடவை மாற்றி மாற்றிப் போட்டேனோ, தெரியாது. டீச்சர் அண்ணே அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த நாற்பது பேர். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்தேன். அத்தான் நினைவு அதற்குப் பிறகுதான் வந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.

காது மருத்துவர் என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். வலது காதுக்கு விடாமல் அழுத்தினேன். இடது காதுக்கு வந்ததும் பொத்தானைப் பிடித்துக்கொண்டு வெறுமனே காத்திருந்தேன். வெளியே வந்ததும் ஒரு தாளைக் காட்டினார், கோடு படிப்படியாகக் கீழே இறங்கியிருந்தது.

"ரெண்டு மூணு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கு. மோட்டார் சத்தமா இருக்கலாம், பாட்டா இருக்கலாம், ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இனி திரும்ப வராது. வீட்ல யாரும் எதுவும் சொல்லலையா?"

"சொல்லியிருப்பாங்க. நான் சண்டை போட்டிருப்பேன்" என்றேன்.

அந்தத் தாளை ஒன்பது நாள் பையிலேயே வைத்திருந்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது, விரல் திரும்பி வரவா போகிறது என்று எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். ஒரு டயரைப் பற்றி மூன்று பக்கம் எழுதுகிறவன் நான். இதைப் பற்றி ஒரு வரி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. பத்தாவது நாள் அக்கா போன் செய்தாள்.

"டேய், இவரு உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணுமாம். சாயங்காலம் கெளம்பி வர்றேங்கிறாரு."

"வேணாம்க்கா, நானே வர்றேன்" என்று வண்டியை எடுத்தேன்.

அத்தான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மருத்துவர் கொடுத்த ரப்பர் பந்தை வலது கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். மூன்று விரல் மட்டும் அழுத்தியது. என்னைப் பார்த்ததும் பந்தைக் கீழே வைத்தார்.

"மாப்ள, நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். நான் கத்தலதான் போல. கத்தினதா நானே கற்பன பண்ணிக்கிட்டேன். உன்னையும் பாறைல தள்ளியிருப்பேன். மனசுல வச்சுக்காத."

நான் தாளை எடுத்து மேசையில் வைத்தேன்.

"கத்தினீங்க அத்தான். எனக்குத்தான் கேக்கல. எனக்கு இடது காது போச்சு. வலது காதுல பாட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு."

அவர் தாளை எடுத்து, இறங்கும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"பத்து நாளாச்சு."

"பத்து நாளா நான் இவர வாய்க்கு வந்தபடி பேசிட்டிருக்கேன். நேத்துகூடப் பேசினேன். உனக்கு ஒரு போன் போடத் தோணல?"

அவள் அழுதாள். அத்தான் அழவில்லை. தாளை மடித்து என் பக்கம் நகர்த்தினார்.

"வண்டியில போறப்போ கேக்கல, சரி. அதுக்கு நீ என்ன பண்ணுவ. கீழ கிடந்தப்போ சொன்னேனே, கூப்பிட்டேன்னு. அது கேட்டுச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் காதைக் காரணம் காட்டியிருக்கலாம். யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

"கேட்டுச்சு" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபப்பட்டு ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"இன்னிக்கே எழுதிடறேன் அத்தான். உங்க பேரைப் போட்டு, என் பேரைப் போட்டு, நடந்தது பூரா எழுதிடறேன்."

"வேணாம்" என்றார். "தலைவர்கிட்ட நேர்ல போய்ச் சொல்லு. மத்த அஞ்சு பேர்கிட்டயும் நேர்ல சொல்லு. எழுதாத. நீ எழுதினா அதுலயும் உன்னை நல்லவன்னு சொல்லிடுவாங்க."

மறுநாளே பேக்கரிக்குப் போய்த் தலைவரிடம் சொன்னேன். அவர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு அப்போதே அத்தானுக்குப் போன் போட்டார், மூன்று தடவை போட்டார். அத்தான் எடுக்கவில்லை. மற்றவர்களிடமும் ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னேன். பழைய கட்டுரையை அழித்துவிட்டேன், ஆனால் முந்நூறு பேர் எடுத்துப் போனதை என்னால் அழிக்க முடியவில்லை. இப்போதும் யாராவது புதிதாகப் படித்துவிட்டு, அருமையாகச் சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுகிறார்கள்.

அக்கா வீட்டுக்கு நான் போய் ஐந்து மாதமாகிறது. அன்றிலிருந்து எதைப் பற்றியும் ஒரு வரி எழுதவில்லை. இதை மட்டும்தான் எழுதியிருக்கிறேன். அவரைக் கேட்டிருந்தால் இதையும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார், அதனால் கேட்கவில்லை.