சுருட்டு நுனியில் இரண்டு பல்

1

இந்தக் கதை ஒரு தபால் கார்டிலிருந்து பிறந்தது. அதை மறைத்துவிட்டு, விடிகாலைக் கனவில் உதித்தது என்று சொல்ல நான் இலக்கியவாதி இல்லை. வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதுகிறவன். இதுவரை பதினோரு தொடர்கள், பதினான்கு பிணங்கள், ஒன்பது வில்லன்கள். ஒன்பது பேரும் சுருட்டுப் பிடிப்பவர்கள்.

உறையூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார்: "ஐயா, தங்கள் வில்லன்கள் சுருட்டைப் பீடி மாதிரி இழுக்கிறார்கள். அந்தப் புகையை நெஞ்சுக்குள் இழுத்தவன் அடுத்த வாரம் கொலை செய்ய மாட்டான், இருமிக்கொண்டிருப்பான். தாங்கள் ஆயுளில் ஒரு சுருட்டாவது பிடித்ததுண்டா?"

இல்லை வாசகரே, பிடித்ததில்லை.

அதே வாரம் ஆசிரியரிடமிருந்தும் கடிதம். புதுத் தொடரில் விஷச் சுருட்டு வரவேண்டுமாம். பத்து வருஷம் பெட்டியில் கிடந்த உயர்ந்த ரகம். முதல் அத்தியாயத்திலேயே ஆள் காலியாகிவிட வேண்டும். சரி, ருசி பார்த்துவிட்டே எழுதுவோம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பெங்களூர், 1958, செப்டம்பர் மாதம்.

2

முதல் ஆரம்பம்:

"சர் ஜகந்நாத் அந்தச் சுருட்டை உதட்டில் வைத்தார். மறுகணம்—"

(நிறுத்திவிட்டேன். மறுகணம் அவர் சாகவேண்டும். எனக்கு அவர்மேல் அக்கறையே இல்லை. செத்தால் சாகட்டும்.)

இரண்டாம் ஆரம்பம்:

"அய்யாவு ஒரு திருடன்."

(மூன்றே சொல். இத்தனை வருஷத் தொழிலில் இதைவிட நல்ல முதல் வரி எனக்கு வாய்த்ததில்லை. ஒரே குறை, அது பொய். அதைச் சொன்னவர் பசவனகுடியில் ஒரு பெரிய மனிதர். அவர் சொன்னபோது நான் எதிரே உட்கார்ந்து அவர் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.)

மூன்றாம் ஆரம்பம் ஜோடனை இல்லாமல் இருக்கட்டும். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். கோபம் வருகிற இடத்தில் வரட்டும்.

3

கன்டோன்மென்ட் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஓஸ்வால்ட் என்கிற ஆங்கிலோ இந்தியரின் சுருட்டுக் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் ஓட்டுக்கூரையின் கீழ் ஆறு பலகை, ஆறு ஆள். மூன்றாவது பலகையில் அய்யாவு. மர்பி டவுன்காரர், ஐம்பது வயசு இருக்கும். உள் இலையை உருட்டி, மேல் இலையைச் சுற்றி, விளிம்பில் நாக்கை ஓட்டி, நுனியை, மற்ற ஐந்து பேர் மாதிரி விரலால் இல்லாமல், பல்லால் ஒரு கடி கடித்துத் திருகினார். முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இன்னா சார் அப்படிப் பாக்கறே?"

"நாக்காலயா ஒட்டறீங்க?"

"பின்னே? கோந்து வெச்சா நுனி கசக்கும் சார். எச்சி பட்டாத்தான் இலையோட இலை சேரும்."

பக்கத்துப் பலகை முனிராஜ் குறுக்கே விழுந்தார். "இவன் கடிச்சது பாத்தாலே தெரியும் சார். நடு பல்லு ஒண்ணு இல்லே, நோடு, பாரு! ஒத்தப் பல்லு மார்க்கு. கம்பெனி முத்திரை!"

"அது அம்பத்தொண்ணுல போச்சு சார். அலசூர்ல சைக்கிள்லேர்ந்து வுழுந்தேன். அதுக்கு முந்தி சுத்துனதுல ரெண்டு பல்லும் பதிஞ்சிருக்கும்."

"எந்தெந்த துரை வாயில எல்லாம் இவன் வாய் போயிருக்குது, கேளு சார்!"

ஆறு பேரும் சிரித்தார்கள். "யோவ், கம்முனு இரு. வேலைக்கு ஒலை வெக்காதே," என்று அய்யாவு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இந்த விஷயம் ஓஸ்வால்டுக்கும் தெரியும். வாங்குகிறவர்களுக்குத்தான் தெரியாது.

புதுச் சுருட்டு ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார். இழுத்தேன். குதிரை லாயத்துக்குள் தலையை விட்ட மாதிரி ஒரு நெடி. தொண்டை எரிந்து கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"புதுசு அப்படித்தான் சார். அது தூங்கணும். நான் நாப்பத்தேழுல சுத்துன பெட்டி ஒண்ணு பசவனகுடியில கீது. மாசம் ஒருக்கா போயி, பூஞ்சை தொடச்சுத் திருப்பிப் போட்டுட்டு வரேன். ஞாயித்துக்கிழமை வா, அந்த சாமிகிட்ட கேளு. அதைக் குடிச்சுட்டு அப்பால எழுது."

4

அனந்தபத்மநாபன், செக்ரடேரியட்டில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். என்னை முன்வாசலில் வந்து வரவேற்றார். அய்யாவு பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிப் புழக்கடைப் படிக்கு வந்தார். பெட்டி உள்ளேயிருந்து படிக்கு வந்தது, படியிலேயே துடைக்கப்பட்டது, திரும்ப உள்ளே போனது.

(இங்கே எனக்கு ஒரு தடுமாற்றம். இவரை இப்படியே எழுதினால் வில்லன் ஆகிவிடுகிறார். வில்லன்களை எனக்குத் தெரியும். இவர் அந்த ஜாதியில்லை. என் எட்டாவது பிணத்தின் பெயர்கூட இவருக்கு ஞாபகம் இருந்தது. "அந்த சர்க்கஸ்காரனைக் கொன்னிருக்கப்படாது ஓய்," என்று மனசார வருத்தப்பட்டார். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.)

பெட்டியின் மூடியில் 'ஆகஸ்ட் 1947' என்று எழுதியிருந்தது. "வெள்ளைக்காரன் மூட்டை கட்டிண்டிருந்தப்போ அவா மெஸ்ஸுக்குன்னு சுத்தினது. நான் வாங்கிட்டேன். சுதந்திரப் பெட்டின்னு பேர் வெச்சிருக்கேன்," என்றார்.

நான் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "அய்யாவு உள்ளே வரக்கூடாது, அவர் தொட்டது வரலாமா சார்?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பாடம் சொல்கிற மாதிரி சொன்னார். "காய்ஞ்ச வஸ்துவுக்குத் தோஷம் கிடையாது ஓய். ஈரம் பட்டால்தான் எல்லாம்."*

(* இந்த வாக்கியத்தை நான் இட்டுக்கட்டவில்லை. இவ்வளவு கச்சிதமாக இட்டுக்கட்ட எனக்கு வராது.)

புழக்கடைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து இரண்டு சுருட்டை எடுத்தார். சின்னக் கத்தரியால் நுனிகளை வெட்டினார். இரண்டு நுனியும் பித்தளைச் சாம்பல் தட்டில் விழுந்தன. ஒன்றை எனக்குக் கொடுத்தார், ஒன்றைத் தான் பற்றவைத்தார். பெட்டியில் மிச்சம் பதினாறு.

உறையூர்க்காரர் சொன்னபடி புகையை நெஞ்சுக்கு விடாமல் வாயிலேயே உருட்டினேன். முதல் இழுப்பில் பழைய மர அலமாரியைத் திறந்த வாசனை. மூன்றாவதில் லேசாக அடிப்பிடித்த வெல்லப்பாகு. அப்புறம் மூக்குக்குப் பின்னால் எங்கேயோ மிளகு, ஆனால் எரிச்சல் இல்லை. லாய நெடி சுத்தமாகப் போயிருந்தது. சாம்பல் விழாமல் ஓர் அங்குலத்துக்கு வெள்ளையாக நின்றது. பதினோரு வருஷம் ஒரு பெட்டிக்குள் சும்மா கிடந்தே ஓர் இலை இவ்வளவு சாதித்திருக்கிறது. அசந்துபோனேன்.

அனந்தபத்மநாபன் முகத்தைச் சுளித்தார். இன்னொரு தரம் இழுத்தார். "ஒண்ணுமே இல்லையே! வைக்கோலைக் கொளுத்தின மாதிரின்னா இருக்கு?"

"எனக்கு நன்றாகத்தான்…"

"உமக்கு என்ன ஓய் தெரியும், இன்னிக்குத்தானே ஆரம்பம்!"

கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி ஜகதாம்பாளின் குரல் வந்தது. "மூணு மாசமா ரசத்திலே உப்பு இருக்கறதும் தெரியலை, இல்லாததும் தெரியலை. டாக்டரைப் பாருங்கோன்னா கேக்கறேளா?"

"நீ உள்ளே போ!" என்றார். அந்த ஒரு நிமிஷம் அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். நாக்கு செத்துப்போனது அவருக்கே தெரியும். அதை ஒரு எழுத்தாளன் முன்னால், பெண்டாட்டி வாயால் கேட்க வேண்டியிருந்தது. உடனே வேறு யாராவது குற்றவாளியாக வேண்டும்.

"அய்யாவு! இங்கே வா!"

படியின் கீழே வந்து நின்றார்.

"என் சரக்கை எடுத்துண்டு புதுசைச் சொருகியிருக்கே."

"சாமி! இன்னா சாமி இது? பதினோரு வருசமா வரேன்…"

"பதினோரு வருஷமா நடக்கறதோ என்னமோ!"

"சத்தியமா நாப்பத்தேழுல நான் சுத்துனது சாமி."

"நிரூபி பாப்போம்."

வாசகரே, சாம்பல் தட்டு படிப்பக்கம் ஒரு முக்காலியில் இருந்தது. நான் குனிந்து பார்த்தேன். வெட்டி விழுந்த இரண்டு நுனியிலும், இலை மடிப்பில், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பள்ளம். இரண்டு பல். ஐம்பத்தொன்றுக்குப் பிறகு அய்யாவு சுற்றிய எந்தச் சுருட்டிலும் அது இருக்க முடியாது. என் பதினோரு தொடரிலும் இப்படி ஒரு தடயம் வந்ததில்லை!

நிமிர்ந்தேன். அய்யாவும் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினார்.

5

முடிவு அ. நான் எழுந்து நின்று, "மிஸ்டர் அனந்தபத்மநாபன், இந்தப் பல் தடத்தைப் பாருங்கள்!" என்கிறேன். அவர் வெலவெலத்துப் போய் நாற்காலியில்—

(வெட்கம். என் தொடர்களில் வருகிற துப்பறியும் சங்கர் செய்வான். நான் செய்யவில்லை.)

முடிவு ஆ. அய்யாவே சொல்கிறார். "சாமி, அது என் பல்லு. நாக்குல ஒட்டி, பல்லுல கடிச்சு முடிச்சேன்." திருட்டுப் பட்டம் போய்விடுகிறது. அதற்குப் பதிலாக, பதினோரு வருஷமாக அந்த வீட்டுப் பெரியவர் வாயில் அய்யாவின் ஈரம் இருந்தது என்பது வெளியே வருகிறது. கம்பெனிக்குப் பெரிய வீட்டு ஆர்டர் நிற்கிறது. ஆறு பேர் தெருவுக்கு வருகிறார்கள். அதற்காகத்தான் அவர் தலையை ஆட்டினார்.

முடிவு இ, அதாவது நடந்தது. நான் காப்பியைக் குடித்து முடித்தேன். டம்ளரைச் சரியான இடத்தில் வைத்தேன். அன்று மத்தியானமே ஓஸ்வால்டுக்குக் கடிதம் போனது: 'உங்கள் ஆள் அய்யாவு திருடன்.' மறுநாள் மூன்றாவது பலகை காலி. வேறு இரண்டு கம்பெனிகளில் கேட்டார். கடிதத்தின் சேதி அவருக்கு முன்னாலேயே அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

நாக்கு செத்தது ஒருவருக்கு, வேலை போனது இன்னொருவருக்கு. இதில் நிரபராதிக்கு இருந்த ஒரே சாட்சி, அவர் சொல்லவே கூடாத சாட்சி. யார் போட்ட சட்டம் இது? விளிம்பில் பட்ட நாக்கு ஈரத்தைப் பதினோரு வருஷம் ருசித்து, வந்தவர்களிடமெல்லாம் பெருமை பேசலாம். அந்த நாக்குக்கு உரியவன் படியேறக் கூடாது. இதையெல்லாம் நான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். எழுத்தாளனாம்!

(ஆசிரியருக்கு: விஷம் எங்கே என்று கேட்காதீர்கள். நான்காம் பகுதியை இன்னொரு தரம் படியுங்கள்.)

6

இதுவரை எழுதியதை மர்பி டவுனுக்கு எடுத்துப்போய் அய்யாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சம்மதம் இல்லாமல் இது அச்சேறாது என்று முடிவு செய்திருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டார்.

"நீ காப்பி குடிச்சதையும் எழுதிட்டியே சார்," என்றார்.

"எழுதணும் இல்லையா?"

"எழுதணும் எழுதணும். நல்லா எழுது."

"பேரை மாத்திடட்டுமா?"

"அந்த சாமி பேரை மாத்து. அந்தம்மா நல்லவங்க. என் பேரை மாத்தாதே. திருடன்னு சொன்னப்ப என் பேரைச் சொல்லித்தானே சொன்னாங்க?"

"வெளியே வந்தால் கம்பெனி? மத்த அஞ்சு பேர்?"

அவர் சிரித்துவிட்டார். "முனிராஜ் வந்தான் சார். நான் போனதும், எச்சி விஷயம் வெளியே வந்துருமோன்னு ஓஸ்வால்ட் துரைக்குப் பேஜாராயிருச்சாம், எல்லாரும் இனிமே கோந்துதான்னு ஆர்டர் போட்டுட்டாரு. இப்ப நுனி கசக்குதுன்னு வாங்குறவங்க சண்டைக்கு வராங்களாம். இனி வெளியே வந்தா அவங்களுக்கு இன்னா? நீ போடு."

"அப்ப முடிவை எப்படி வைக்கலாம்? நீங்க மறுபடி மூணாவது பலகையில உட்கார்ற மாதிரி…"

"வேணாம் சார்." சிரிப்பு நின்றுவிட்டது. "நீ எழுதுனா நான் ஜெயிச்சுருவேன். படிக்கறவங்க குஷியா புஸ்தகத்தை மூடிட்டுப் போயிருவாங்க. நான் இங்கியே கட்டில்ல குந்திக்கினு இருப்பேன். லெட்டர் போட்டவருதானே வேற லெட்டர் போடணும்? நீ எதுக்கு அவரு வேலையைச் செய்யறே?"



7

இந்தப் பத்திரிகை பெங்களூருக்கு வியாழக்கிழமை வருகிறது. பசவனகுடியில் அந்த வீட்டில் முதலில் அம்மாள் படிப்பார், அப்புறம் அவர் படிப்பார். ஆகவே இத்தனை நேரம் பொதுவாக 'வாசகரே' என்று கூப்பிட்டது போதும். மற்றவர்கள் ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார், பெட்டியை எடுங்கள். பதினாறு இருக்கும். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு நுனியாகப் பாருங்கள், பூதக்கண்ணாடி தேவைப்படாது. எல்லாவற்றிலும் இரண்டு பல் தெரியும். ஒன்றிலாவது ஒற்றைப் பல் இருந்தால் எனக்கு எழுதுங்கள். இதே பக்கத்தில் அய்யாவு திருடன் என்று போட்டுவிட்டு எழுதுவதை நிறுத்திவிடுகிறேன்.

பதினாறிலும் இரண்டு இருந்தால், அந்தப் பதினாறையும் என்ன செய்வது என்பது உங்கள் வீட்டு விஷயம். குப்பையில் போடுங்கள், குளியுங்கள், அல்லது ஒன்றைப் பற்றவையுங்கள். எனக்கு அக்கறையில்லை. ஆனால் ஓஸ்வால்டின் விலாசம் உங்களுக்குத் தெரியும். 'திருடன்' என்ற சொல்லை எழுதிய பேனாவும் உங்கள் மேஜைமேல்தான் இருக்கிறது.

நான் எழுதிப் பார்த்தேன் சார். உங்கள் நடையில், உங்கள் வார்த்தையில், மன்னிப்புக் கடிதமாகவே நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். நாலையும் கிழித்துவிட்டேன். என் கையெழுத்தில் அது செல்லாது.