அழைக்க வந்த பதினான்கு பேர்

மீனம்பாக்கத்தில் என்னை அழைக்கப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். நான் ஒருத்தி. கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு பை. இதற்கு எதற்குப் பதினான்கு பேர் என்று ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தாலும் பதினான்கு பதில் தயாராக இருந்திருக்கும்.

அப்பா அனுப்பியது வேனையும், அத்தை மகன் கில்பர்ட்டையும் மட்டும்தான். கில்பர்ட் தன் அம்மாவிடம் சொன்னான். அந்தோணி மேரி அத்தை தன் ஊர் நெட்டப்பாக்கம் முழுக்கச் சொல்லிவிட்டாள். ஏரோப்ளேன் பார்க்கலாம் என்று கைக்குழந்தை உள்பட எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். பம்பாயிலிருந்து ராத்திரி ஒன்பது மணிக்கு வரவேண்டிய என் விமானம் பதினொன்றரைக்கு வந்தது. அதற்குள் கொண்டுவந்த புளிச்சோற்றைத் தின்று முடித்துவிட்டு, இரண்டு பேர் தரையில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. அப்பாவுக்குத் தொண்டையில் புற்று. விடிந்தால் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடுவார்கள், உயிர் பிழைக்கும், பேச்சு போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலை ஐந்தரைக்கு அப்பா வில்லியனூர் வீட்டிலிருந்து கிளம்பிவிடுவார். நான் கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போய் ஒன்பது வருஷம். எங்கள் வீட்டில் டெலிபோன் கிடையாது. ஒன்பது வருஷமும் கடிதம்தான். வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவில் மைக் இல்லாமல் ஜெபமாலை சொல்லிக்கொண்டு போகிற என் அப்பா சூசைநாதனின் குரல், நான்கு தெரு தாண்டிக் கேட்கும். அந்தக் குரல் என்னை ஒரே ஒரு தடவை "செல்வி" என்று கூப்பிட வேண்டும். அதற்காகத்தான் லீவுக்குச் சண்டை போட்டு ஓடிவந்தேன்.

வேனில் முன்சீட்டு கில்பர்ட்டுக்கு. ஜன்னலோரம் அத்தைக்கு. எனக்குக் கிடைத்தது என் பெட்டிமேல் ஓர் இடம்.

செங்கல்பட்டில் டீக்கு நின்றார்கள். குடித்து முடித்ததும் குழந்தைக்குப் பால் வேண்டுமென்று நினைவு வந்தது. அச்சிறுபாக்கத்தில் ஒருவருக்கு வயிற்றைக் கலக்கியது. திண்டிவனத்தில் மறுபடியும் டீ. கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து என் கண் பூத்துப்போனது. "நேரமாகுது அத்தை" என்றால், "இன்னாடி பறக்குற, பறந்துதான வந்த, கொஞ்சம் குந்து" என்றாள். வேனே சிரித்தது.

நல்ல ரோடு என்று விழுப்புரம் சுற்றி மதகடிப்பட்டு வந்தபோது நாலே முக்கால். நேரே போனால் இருபது நிமிஷத்தில் வில்லியனூர். அத்தை டிரைவரின் தோளைத் தட்டினாள்.

"சுப்பராயலு, வலது பக்கம் வளைப்பா. எங்கள மொதல்ல நெட்டப்பாக்கத்துல எறக்கி வுட்டுடு."

"அத்தை! அப்பா ஐந்தரைக்குக் கிளம்பிடுவார்."

"தெரியும்டி. எனக்கு அண்ணன் இல்லையா அவரு? வில்லியனூர்ல வண்டி நின்னா அப்பறம் இந்த டிரைவரு ஒரு அடி எடுத்து வெக்க மாட்டான். கைக்கொழந்தைய வெச்சிக்கினு நாங்க பஸ்ஸுக்கு நிக்கணுமா?"

"ஆபரேஷன் ஆனால் அவரால் பேச முடியாது அத்தை."

"கொரலு இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா? ஆளு இருக்காருல்ல, ஆஸ்பத்திரில போயி பாத்துக்க."

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. தூக்கம் கெட்டு, டீ குடித்து, என்னைச் சாக்காக வைத்து மெட்ராஸ் பார்த்துவிட்டு, இப்போது அவர்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட வேண்டுமாம். வேன் வலது பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது. கதவைத் திறந்துகொண்டு குதித்தேன். ஹெட்லைட்டுக்கு முன்னால் போய் நின்றேன்.

"நெட்டப்பாக்கம் போறதுன்னா எம்மேல ஏத்திக்கினு போங்க!"

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு என் வாயில் எங்கள் ஊர்ப் பேச்சு வந்தது அப்போதுதான்.

"பிரான்சு போயி திமிரு ஏறிப்போச்சுடி ஒனக்கு" என்று உள்ளேயிருந்து அத்தை கத்தினாள். கில்பர்ட் இறங்கி வந்து கையைப் பிடித்து இழுத்தான். கையை உதறினேன். கடைசியில் சுப்பராயலுதான், "ஏறும்மா, வண்டி பேசினது ஒங்கப்பாரு, அவரு வூட்டுக்கே போலாம்" என்றார். அவருக்கு மட்டும் அன்றைக்கு மனசு இருந்தது. மிச்ச வழியெல்லாம் என் காதில் விழட்டும் என்றே திட்டிக்கொண்டு வந்தார்கள். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்து பத்துக்கு வீடு. அப்பா சலவை வேட்டி கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சிலேட்டு. பாதியாக இளைத்திருந்தார். அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"மூணு நாளா வாயத் தொறக்கலடி. எது வேணும்னாலும் இதுல எழுதித்தான் காட்டுறாரு. கொஞ்சம்தான் கொரலு மீதி இருக்கு, எம்பொண்ணு வந்தா பேசணும்னு வெச்சிருக்காரு."

நான் அவர் காலடியில் உட்கார்ந்தேன். அவர் என் தலையைத் தடவினார். உதடு பிரிந்தது. அவர் கண் என்னைத் தாண்டி வாசலுக்குப் போனது. அங்கே வேனுக்குள் அத்தை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"மேரி!" என்றார் அப்பா. கரகரத்தது. ஆனாலும் அது அதே குரல். "மேரி, இன்னாம்மா அங்கயே குந்தியிருக்க? வா உள்ள, காப்பி குடி."

அதோடு இருமல் பிடித்துக்கொண்டது. இருமி முடித்து என் பக்கம் திரும்பி வாயசைத்தார். காற்று மட்டும் வந்தது. மறுபடி முயன்றார். மறுபடியும் காற்றுதான். "வேணாம்ப்பா" என்று அவர் வாயை நான்தான் பொத்தினேன். அத்தை இறங்கி வந்து காப்பி குடித்தாள். சர்க்கரை போதவில்லை என்று கேட்டும் வாங்கிக்கொண்டாள்.

அப்பா அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். நான் வரும்போதெல்லாம் சிலேட்டில் என் பெயரைப் பெரிதாக எழுதிக் காட்டுவார். வீட்டுக்கு வந்தவர்களை வாசலில் உட்காரவைப்பது அவரால் ஆகாது, அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் வயிறு எரிகிறது.

அந்தோணி மேரி அத்தை இன்னும் திடமாக இருக்கிறாள். எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும் நாலு பேரைக் கூட்டிவைத்துக்கொண்டு, எனக்குக் கேட்கும்படி சொல்கிறாள்: "எங்க அண்ணன் கடைசியா வாயத் தொறந்து கூப்ட்டது என்னத்தான்."