தலைகீழ்ப் பூனை

என் நாத்தனாருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. நான் கூப்பிடுவது வாலு. நாங்கள் இருவரும் சேர்ந்து மற்றவர்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறோம். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் ஒரே அறை. கீழே யாராவது நாள் முழுக்க சுவரில் இருக்கும் எழுத்துகளை உரக்கத் தப்பாகப் படித்துக்கொண்டிருப்பார்கள். மேலே நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

சண்டையெல்லாம் தீமுக்காகவும் ப்ளகினுக்காகவும்தான். தீம் என்பது வெப்சைட்டின் உடுப்பு. ப்ளகின் என்பது அதில் தனியாக மாட்டுகிற சின்னக் கருவி. ஒன்று படம் காட்டும், இன்னொன்று அப்பாயின்ட்மென்ட் வாங்கும். இரண்டையும் யாரோ எங்கோ செய்து விற்கிறார்கள். செய்தவர் பாதியில் கைகழுவிவிட்டால் அப்டேட் வராது, ஒருநாள் வெப்சைட் படுத்துவிடும். திட்டு வாங்குவது நாங்கள்.

அதனால் எனக்கு ஒரு பழக்கம். எதையும் எடுப்பதற்கு முன், அதைச் செய்தவருக்கு ஒன்றும் தெரியாத அப்பாவி மாதிரி ஒரு கேள்வி அனுப்புவேன். "பட்டனை அழுத்தினேன், பக்கத்தைக் காணோம், எங்கே போயிருக்கும்?" பதில் சொல்லாதவன் பொருள் வேண்டாம். எரிந்து விழுகிறவன் பொருளும் வேண்டாம். இந்தக் கேள்விக்கே பொறுமையாகப் பதில் சொல்கிறவன் நாளைக்கும் இருப்பான்.

"அண்ணி, நீங்க தீம் பாக்கறீங்களா, மாப்பிள்ளை பாக்கறீங்களா?" என்பாள் வாலு.

அந்த வாரம் அவளுக்கு ஒரு பெரிய ஆபீஸிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். "நாய், பூனை டாக்டரம்மா ஆர்டர் வருதான்னு பாக்கலாம் அண்ணி. வரலைன்னா நான் கிளம்பறதுதான் நல்லது" என்றாள். அவள் இல்லாமல் அந்த அறையில் என்னால் உட்கார முடியாது. இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

எங்களிடம் ஒரு மாதிரி வெப்சைட் செய்துகாட்டச் சொல்லியிருந்த அந்த டாக்டரம்மாவுக்கு ஊரில் பல இடங்களில் கிளினிக். முதல் சந்திப்பிலேயே, "நீங்க போடறதெல்லாம் ரொம்ப நாள் உழைக்கும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நான் என் அப்பாவிக் கேள்வியைப் பற்றிப் பெருமையாக அளந்தேன். "நல்ல யோசனையா இருக்கே" என்று சிரித்தார்.

மாதிரி செய்ய உட்கார்ந்தோம். வாலு ஒரு தீமில் மயங்கிப்போயிருந்தாள். திரையில் ஒரு நாய்க்குட்டி குறுக்கே ஓடும். அதைச் செய்தவர்களுக்குக் கேள்வி அனுப்பினேன். மூச்சில்லை. இன்னொரு சாம்பல் நிறத் தீம்காரர் அன்றைக்கே எழுதினார்: "கவலைப்படாதீங்க. குப்பைத்தொட்டியைத் திறந்து பாருங்க. நானும் ஒருதடவை இப்படித்தான் தொலைச்சேன்."

"இதுதான்" என்றேன்.

"கழுவி வச்ச சிலேட்டு மாதிரி இருக்கு."

"இருக்கட்டும். அந்த நாய்க்குட்டி இன்னிக்கு ஓடும். நாளைக்கு அதுக்குப் பின்னாடி நாமதான் ஓடணும்."

அப்போது போன் அடித்தது. வாலு எடுத்தாள். "பூனை தலைகீழாத் தெரியுதாங்க? பரவாயில்லைங்க ஐயா. படத்தைத் திறங்க, ஒருதடவை திருப்புங்க, சேவ் பண்ணிட்டு மறுபடி ஏத்துங்க... இல்லைங்க, போனைத் திருப்பாதீங்க, படத்தை..." போய்க்கொண்டே இருந்தது. யாரோ முன்பின் தெரியாதவர். வையென்று கையைக் காட்டினேன். நாற்காலியோடு திரும்பி எனக்கு முதுகைக் காட்டினாள்.

"ஊர்ப் பூனைக்கெல்லாம் நாமதான் பொறுப்பா? வேலை தலைக்குமேல கிடக்கு" என்று கத்தினேன்.

"பாவம் அண்ணி, வயசானவரு. வேற யாரைக் கேப்பாரு?"

வெள்ளிக்கிழமை காலை கிளினிக்குக்குப் போனோம். மேஜைமேல் ஒரு குண்டுப் பூனை படுத்திருந்தது. டாக்டரம்மாவுக்கு மாதிரி பிடித்திருந்தது. மடிக்கணினியை மூடிவிட்டு, "நானும் உங்களை மாதிரியே ஒரு கேள்வி கேட்டேன். வேற பேர்ல, உங்க வெப்சைட்ல கேள்வி எழுதி அனுப்பற ஃபார்ம்ல" என்றார். "பூனைப் படம் தலைகீழா வருது, என்ன செய்யறதுன்னு. 'நன்றி, விரைவில் பதில் வரும்'னு வந்துச்சு. அப்புறம் ஒண்ணையும் காணோம்."

போனில் எங்கள் வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். அந்த ஃபார்ம், தொழில் தொடங்கிய புதிதில் அவசரத்துக்கு மாட்டிய ப்ளகின். செய்தவன் எப்போதோ கடையைச் சாத்திவிட்டான். எழுதியவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு, எழுதியதை அப்படியே விழுங்கியிருக்கிறது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த எனக்குக் காது சுட்டது.

"தப்பு எங்க மேலதான் டாக்டர். சாக்குச் சொல்ல ஒண்ணுமில்ல" என்றேன். வாலுவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இனி அவள் அந்த ஆபீஸுக்குத்தான்.

உள்ளறையிலிருந்து ஒரு பெரியவர் நாய்த் தீனி மூட்டையோடு வந்தார். "யாரும்மா பேசறது? வைத்தியத்துக்கு யாராச்சும் வந்திருக்காங்களா?"

குரல் கேட்டதும் வாலு துள்ளி எழுந்தாள். "ஐயா! பூனை நேரா நின்னுச்சா?"

"நின்னுச்சும்மா!"

டாக்டரம்மா சிரித்தார். "என் வீட்டுக்காரர். பதில் வரலைன்னதும், நான் வேண்டாம்னு சொல்லியும் போன் பண்ணிட்டார். நான் சோதனைக்குக் கேட்டேன். இவருக்கு நெஜமாவே தெரியாது. இவருக்குச் சொல்லிக்குடுத்தா எனக்கு ரெண்டாவது தடவையே கோபம் வந்துடும். இந்தப் பொண்ணு அலுக்காம சொல்லிக்கிட்டே இருந்துச்சாம்." என் பக்கம் திரும்பினார். "வேலை உங்களுக்குத்தான். ஆனா மொதல்ல உங்க ஃபார்மை மாத்துங்க. அப்புறம், போனை எப்பவும் இந்தப் பொண்ணுதான் எடுக்கணும்."

நான் வாலுவைப் பார்த்தேன். அவள் பூனையின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். பஸ்ஸில் போனில் எதையோ தட்டிக்கொண்டே வந்தாள். அந்த ஆபீஸுக்குப் பதில் சொல்லவேண்டிய கடைசி நாள் அன்றுதான்.

அறைக்கு வந்ததும் புது ப்ளகின்காரர் ஒருவருக்கு அப்பாவிக் கேள்வி அனுப்பினேன். டீ ஆறுவதற்குள் அன்பாக ஒரு பதில். பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினேன். மாட்டியதும் எங்கள் ஃபார்மிலிருந்து முதல் செய்தி வந்தது. பெயர் என்ற இடத்தில் 'ஒன்றும் தெரியாத அப்பாவி' என்றிருந்தது.

"ஆபீஸ் வேலைக்கு வரலைன்னு எழுதி வச்சிருக்கேன். அனுப்பறதுக்கு எந்தப் பட்டனை அழுத்தணும்? பொறுமையாகச் சொல்லவும்."

எதிர் மேஜையில் வாலு ஒன்றும் அறியாதவள்போல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதில் எழுத எங்கே பொறுமை? எழுந்து ஓடி, அவளை நாற்காலியோடு தள்ளிவிட்டு, அந்தப் பட்டனை நானே அழுத்தினேன்.