முகராத மாக்னோலியா

பூஜப்புரையில் எஞ்சினியர் வேலப்பன் பிள்ளையின் பங்களாவுக்குப் பின்னால் ஒரு சின்னக் காடே உண்டு. அயனி மரமும் பலாவும் நிழல் போட, அந்த நிழலில் அபூர்வமான செடிகளாகத் தேடித் தேடி நட்டிருந்தார். எது எந்த மாதம் பூக்கிறது என்று பார்த்துக் குறித்து வைப்பது என் வேலை. யாரும் கொடுத்த வேலையல்ல. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிற பாவத்துக்கு நானாகத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டது.

செண்பகம் மேட மாசத்து, அதாவது சித்திரையின், முதல் மழைக்குத் தவறாமல் பூக்கும். பொன்முடிப் பக்கத்திலிருந்து வந்த மலைச்செண்பகம் வெள்ளையாகப் பூத்து, நான் வந்து பார்ப்பதற்குள் உதிர்ந்துவிடும். மனோரஞ்சிதம் இலைக்குள் ஒளிந்துகொண்டு பழவாசனையை மட்டும் அனுப்பும். பூவைத் தேடிப்போனால் வேட்டி கிழியும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்தக் கல்கத்தா மாக்னோலியா. செண்பகத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. இலை செருப்புத் தோல் மாதிரி தடிப்பு, அடிப்பக்கம் துரு நிறம். பூ சாப்பாட்டுத் தட்டு அகலம் விரியும் என்று புத்தகத்தில் இருக்கிறது. பதினோரு வருஷமாகப் புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது.

போன வருஷம் வேலப்பன் பிள்ளை கார் வாங்கினார். காருக்கு ஷெட் வேண்டும். ஷெட்டுக்கு அவர் பார்த்து வைத்த இடத்தில் மாக்னோலியா நின்றது.

"சாமி, இது பூக்குற மரமில்லை. பூக்கும் பூக்கும்னு சாமி சொல்லுற மரமாக்கும்" என்று என்னிடம் சொன்னார். "இடவப்பாதி மழை தொடங்கற வரைக்கும் பாப்பேன். பின்னே கோடாலிதான், கேட்டோ." வைகாசி நடுவில் அந்த மழை தொடங்கிவிடும்.

பெற்ற பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பியவன்கூட என்னைப் போலத் தவித்திருக்க மாட்டான். வீட்டுக்கு வந்து என் மனைவி விஜயலக்ஷ்மியிடம் புலம்பினேன். அவள் முறுக்குக்கு மாவு பிசைந்தபடி, "சாமி விட்ட வழி" என்றாள். அவளிடம் எதைச் சொன்னாலும் இதுதான் பதில்.

மேடம் கடைசியில் ஒரு சாயங்காலம், கிளை நுனியில் மொட்டைப் பார்த்தேன். கோழிமுட்டையைவிடப் பெரிது. வெளியுறை கழன்று பாலேடு மாதிரி வெள்ளை எட்டிப் பார்த்தது. காலையில் விரிந்துவிடும். நான் வேலப்பன் பிள்ளையிடம் ஓடினேன். "காலையில காப்பி குடிச்சிட்டு வந்து பாக்கறேன்" என்றார். ஷெட் வேறு இடத்துக்குப் போன மாதிரிதான். வலியசாலையில் எங்கள் தெரு வரும்வரை வழியில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டிலும் சொன்னேன். அதுதான் வினை.

விடிந்ததும் போனேன். மொட்டு இருந்த இடத்தில் காம்பு மட்டும் இருந்தது. கத்தியால் சீராக நறுக்கிய காம்பு.

தோட்டக்காரன் ஞானையனைப் பிடித்து உலுக்கினேன். பாறசாலைக்காரன், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், நல்ல மனிதன். "சாரே, உங்க வீட்டம்மாதான் விடியும் முன்ன ஜட்காவுல வந்தாவ. சாமிக்குப் பூ வேணும்னாவ. வேற மதத்துச் சாமி காரியத்துல நான் குறுக்க நிக்க முடியுமா?" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பை எங்கே விட்டேன் என்றே தெரியவில்லை. வலியசாலைக் கோயிலுக்கு ஓடினேன். விஜயலக்ஷ்மி பிரதட்சிணம் வந்துகொண்டிருந்தாள். நிற்கவில்லை, நானும் கூடவே சுற்ற வேண்டியதாயிற்று.

"மொட்டு எங்கேடீ?"

"போற்றிகிட்ட குடுத்தாச்சு. மரம் பூத்தா முதல் பூ சாமிக்குன்னு நேர்ந்துண்டிருந்தேன். பதினோரு வருஷம் நீங்க வெறிச்சுப் பாத்து என்ன ஆச்சு? நான் நேர்ந்துண்ட மாசமே மொட்டு விட்டுதோல்லியோ?"

"விரிஞ்சப்புறம் பறிச்சிருக்கப் படாதா?"

"விரிஞ்சா நீங்கதான் மூக்கை உள்ளே விட்டுண்டு நிப்பேளே! முகர்ந்த பூ பூஜைக்கு ஆகுமா?"

நான் முகர்ந்திருப்பேன் என்பது உண்மைதானே.

வேலப்பன் பிள்ளை காப்பி குடித்து முடித்திருப்பார். பூஜை முடிந்து அர்ச்சகரான போற்றி வாழையிலைத் துண்டில் சந்தனமும், மேலே ஒரு வெள்ளை இதழும் வைத்துக் கொடுத்தார். விரல் பட்ட இடம் ஏற்கெனவே பழுப்பேறியிருந்தது. "அதை எடுத்துக்கோங்கோ, பூஜப்புரைக்குப் போவோம்" என்று விஜயலக்ஷ்மி ஜட்காவில் ஏறினாள். ஒற்றை இதழைக் காட்டி ஒரு மரத்தை எப்படிக் காப்பாற்றுவது? வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே போனேன். அவள் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலப்பன் பிள்ளை மொட்டு போன காம்பின் அடியில் நின்றிருந்தார், கையில் ஷெட் பிளானோடு. நான் வாயைத் திறப்பதற்குள் விஜயலக்ஷ்மி என் கையிலிருந்த இலையை வாங்கி நீட்டினாள். "உங்காத்து மரத்தோட முதல் பூ. சாமிக்குச் சாத்தின பிரசாதம்."

மனிதர் பிளானைக் கக்கத்தில் இடுக்கினார். செருப்பைக் கழற்றினார். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சந்தனத்தை நெற்றியில் இட்டு, இதழைக் காதில் செருகினார். மரத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார்.

"இனி இது பகவானோட மரம். ஷெட்டை வடக்கே கட்டிக்கலாம்" என்றார். பிறகு ஞானையனைக் கூப்பிட்டார். "இதுல வர்ற மொட்டு ஒண்ணுகூட விடாம வலியசாலை அம்பலத்துக்குப் போகணும். விரியறதுக்கு முன்னாடி. யாரும் முகரக் கூடாது." யாரும் என்று சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

இந்த வருஷம் மரம் வெட்கமில்லாமல் பூக்கிறது. வாரத்துக்கு இரண்டு மொட்டு. நான் கேட்டுக்குள் நுழைந்தாலே ஞானையன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மரத்தடியில் வந்து நிற்கிறான். நேற்று கோயிலில் மானத்தை விட்டுப் போற்றியிடமே கேட்டேன். "சன்னதிக்குள்ளே விரிஞ்சதும் எப்படி இருக்கு? எத்தனை அகலம்?"

"விரியறதா? அதுக்கு சமயம் எவிடே சாமி?" என்றார் அவர். "மொட்டுலேயே இதழ் இதழா உரிச்சு புஷ்பாஞ்சலிக்கு எடுத்துடுவேனாக்கும்."

வீட்டுக்கு வந்து கத்தினேன். இத்தனை பூத்தும் ஒரு பூவைக்கூட ஒருத்தரும் பார்த்ததில்லை, அந்தச் சாமிகூடப் பார்த்ததில்லை என்று கத்தினேன். விஜயலக்ஷ்மி சாதத்தை வடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சாமியே பொறுத்துண்டிருக்கார். உங்களுக்கு என்ன?"