பதினாறாம் அறை

பெங்களூர் அல்சூரில் ஏறியதிலிருந்து பாஞ்சாலி ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மரங்களின் உச்சி மட்டும் தெரியும் உயரத்தில் மெட்ரோ போய்க்கொண்டிருந்தது. மொட்டை மாடிகளில் காயும் போர்வைகள், தண்ணீர்த் தொட்டிகள், எங்கோ தலை துவட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பெண், எல்லாம் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தன. வைட்ஃபீல்ட் வராமலே இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். மடியில் பிளாஸ்டிக் உறை. அதற்குள் பன்னிரண்டாம் வகுப்புக்கான பியூசி மார்க்‌ஷீட்டும் நர்சிங் பள்ளி கொடுத்த சேர்க்கைக் கடிதமும்.

எட்டு வருடமாக அவள் வார்டு ஆயா. மூன்று வருடப் படிப்புக்கான செலவையும், அதுவரை வீட்டுக்கு ஆகும் செலவையும் ஒரு அறக்கட்டளை ஏற்றுக்கொள்கிறது. முதல் ஆளாக அவளைத்தான் எடுத்திருந்தார்கள். ஷிப்ட் முடித்துக் கிளம்பும்போது ஸ்ட்ரெச்சர் தள்ளும் சின்னப்பா வழியை மறித்தான்.

"இன்னா பாஞ்சாலி, மூணு வருசம் கழிச்சு வெள்ளை டிரெஸ்ல வந்து என்னையே பெட்பேன் எடுக்கச் சொல்லப் போற."

"சும்னே, பேசாம வழிய உடு. உனக்குன்னு நாலு தனியா எடுத்து வெக்கிறேன்."

சிரித்துவிட்டுத்தான் வந்தாள். ரயிலில் அந்தச் சிரிப்பு எங்கோ இறங்கிப் போய்விட்டது.

அறக்கட்டளை அனந்தலக்ஷ்மி அம்மாளுடையது. அவர் கணவர் வெங்கடசுப்ரமணியன் போன வருடம் பதினாறாம் அறையில் இறந்தார். குளித்துவிட்டு வரலாம் என்று அந்த அம்மாள் வீட்டுக்குப் போயிருந்த மதியம் அது. பதறிக்கொண்டு திரும்பி வந்தவரிடம் பாஞ்சாலி, "கையைப் பிடிச்சினே இருந்தேம்மா. தூங்குற மாதிரி போயிட்டாரு" என்றாள். வார்டில் எல்லோரும் சொல்வதுதான். கசங்கிய விரிப்பை இழுத்துவிடுவது போல, எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்திருக்கிறாள். இந்த அம்மாள் மட்டும் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். கையைப் பிடித்திருந்தவள் நர்ஸாக வேண்டும் என்று அவளைத் தேர்ந்தெடுத்த கடிதத்திலேயே எழுதியிருந்தார். ஆனால் அவர் இறந்த நேரத்தில் அறையில் வேறு யாருமே இல்லை.

வைட்ஃபீல்ட் அடுக்குமாடிக் குடியிருப்பின் பன்னிரண்டாவது மாடியில் அனந்தலக்ஷ்மி வீட்டுக் கதவு திறந்தது.

"வா பாஞ்சாலி. வெயில்ல வந்தியா? காபி குடிச்சுட்டுக் கீழே போலாம். ஷ்ரேயா எல்லாரையும் உக்கார வெச்சிண்டிருக்கா." ஷ்ரேயா அவருடைய மகள். "நீ பெரிசா ஒண்ணும் பேச வேண்டாம். அன்னிக்குச் சொன்னியே, கையைப் பிடிச்சிண்டிருந்தேன்னு. மைக்ல அதை மட்டும் சொல்லு. போறும்."

பாஞ்சாலி பால்கனி வழியே கீழே பார்த்தாள். அறக்கட்டளைத் தொடக்க விழாவுக்காகப் புல்வெளியில் வெள்ளை நாற்காலிகள், பொம்மைகளைப் போல மனிதர்கள். யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். அந்தச் சத்தம் இவ்வளவு உயரம் ஏறி வருவதற்குள் இளைத்துவிட்டிருந்தது. ஒரு வாக்கியம். ஏற்கெனவே சொன்னதுதான். சொல்லிவிட்டால் ஆகஸ்டில் வகுப்பு.

காபியில் ஆடை கட்டியது.

"அம்மா, நான் அங்க இல்ல."

அனந்தலக்ஷ்மி புரியாமல் பார்த்தார்.

"சார் போறப்போ நான் ரூம்ல இல்லம்மா. மழை பெய்யுதா பாருன்னாரு. அந்த ரூம் ஜன்னல்ல செவுரு மட்டும்தான் தெரியும். காரிடார் கடைசிக்குப் போனேன். நல்ல மழை. பாத்துட்டு ஒடனே வந்திருக்கணும். எனக்கே நல்லா இருந்துச்சு. நின்னுட்டேன், ஒரு நாலு நிமிசம்." காபியைத் தள்ளி வைத்தாள். "வந்து, மழைதான் சார்னு சொன்னேன். சொன்னப்புறம்தான் பாத்தேன்."

ஃபிரிட்ஜ் உறுமி அடங்கியது. அனந்தலக்ஷ்மி தன் உள்ளங்கைகளை மடியில் விரித்து, அவை வேறு யாருடையவையோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் கிடந்த வெயில் நாற்காலிக் காலிலிருந்து மெல்ல விலகிச் சுவரைத் தொட்டது. அவ்வளவு நேரம் ஆகியிருக்க முடியாது. ஆனாலும் பாஞ்சாலிக்கு அப்படித்தான் தெரிந்தது.

"பயந்தாரா?"

இந்தக் கேள்விக்கான பதிலும் வார்டில் உண்டு. இல்லம்மா, முகம் அப்படியே சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அது நாக்கு நுனிவரை தானாக வந்து நின்றது.

"தெரியாதும்மா."

மேஜைமேல் செல்போன் அடித்தது. ஷ்ரேயாவின் படம் மின்னி அணைந்தது. மறுபடி அடித்தது. அனந்தலக்ஷ்மி எடுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போனார். வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. பாஞ்சாலி உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் போனாள்.

லிஃப்ட் வந்து திறந்தது. உள்ளே கண்ணாடியும் மஞ்சள் வெளிச்சமும், சற்றுமுன் இறங்கிப்போன யாருடைய பூ வாசமோ. கண்ணாடியில் இரண்டு பெண்கள் தங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் அசையவில்லை. கதவு கொஞ்ச நேரம் காத்திருந்து தானாகவே மூடிக்கொண்டது. மேலே சிவப்பு எண் பதினொன்று ஆயிற்று, பிறகு பத்து, ஒன்பது. யாரையும் ஏற்றிக்கொள்ளாமல் அது இறங்கிப் போவதை, தோள் உரசும் தூரத்தில் நின்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.