பிள்ளையார் சுழி போட்ட ஃபைல்

மாலை நாலு பத்துக்கு ஜாய்ஸ், “ஐயோ, லிஸ்ட்டக் காணோமே!” என்று கத்தினாள். பின்பக்கம் டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த தங்கப்பொண்ணு கிளாஸை அப்படியே வைத்துவிட்டாள். அந்த லிஸ்ட்டுக்கு என்ன ஆனது என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டைப் பார்த்த உரக்கடை மாடியில் இருந்தது அந்த உழவர் சங்க அலுவலகம். மொத்தமே மூன்று பேர். செயலாளர் விருமாண்டி, டைப் அடிக்க இரண்டு மாதத்துக்கு முன்னால் சேர்ந்த ஜாய்ஸ், கூட்டித் துடைத்து டீ போடும் தங்கப்பொண்ணு. காணாமல் போனது லேசுப்பட்ட லிஸ்ட் இல்லை. திருவாதவூர்ப் பக்கத்து விவசாயிகள் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு விதைநெல் கேட்டு எழுதின பட்டியல். ஐந்து மணிக்குள் விதைப்பண்ணைக்கு மெயில் போயாக வேண்டும். இல்லாவிட்டால் நெல்லை வேறு சங்கத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். கால்வாயில் தண்ணீர் வந்து ஒரு வாரமாகிவிட்டது. அத்தனை பேரும் நிலத்தை உழுது போட்டுவிட்டுக் காத்துக் கிடந்தார்கள். அந்த லிஸ்ட்டை அடித்து முடிக்க ஜாய்ஸுக்கு நாலு நாள் பிடித்தது. ஐம்பது நிமிடத்தில் திரும்ப அடிக்க அவளுக்கென்ன பத்துக் கையா இருக்கிறது?

தங்கப்பொண்ணு எட்டாவது வரை படித்தவள். செங்கல் சூளையில் கல் சுமந்து இடுப்பு ஒடிந்த பிறகு கிடைத்த நிழல் வேலை இது. சேர்ந்த அன்றே விருமாண்டி விரலை நீட்டிச் சொல்லிவிட்டார்: “இந்தாம்மா, அந்தக் கம்ப்யூட்டர் மேல துணி படலாம், கை படக் கூடாது. பட்டுச்சுன்னா அன்னைக்கே ஒன் வேலை காலி.”

பத்து மாதம் ஒழுங்காகத்தான் இருந்தாள். அழகர்கோவில் போகிற பஸ்ஸில் ஒருத்தன் ஒவ்வொருவர் மடியிலும் ஒரு புத்தகத்தைப் போட்டுக்கொண்டே போனான் பாருங்கள், அங்கே பிடித்தது சனி. கம்ப்யூட்டர் சொற்களுக்கு விளக்கம் சொல்லும் ஒல்லிப் புத்தகம். திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை, வாங்கிவிட்டாள். மதியம் ஒன்றரைக்கு ஜாய்ஸ் வீட்டுக்குச் சாப்பிடப் போவாள். விருமாண்டி அதற்கும் முன்னாலேயே பைக்கை எடுத்திருப்பார். அந்த அரை மணி நேரத்தில் நாளுக்கு ஒரு சொல். மானிட்டர், மவுஸ், ஐகான், ஃபோல்டர். துள்ளித் துள்ளி ஓடுகிற அந்த அம்புக்குக் கர்சர் என்று பெயர் இருப்பது தெரிந்த அன்று, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே போனாள், பைத்தியக்காரி.

நேற்றைய சொல் ரீநேம். பெயர் மாற்றுவது. ஜாய்ஸ் அடித்து வைத்திருந்த லிஸ்ட் ஃபைல்தான் கண்ணில் பட்டது, அதன் மேல் ரைட் கிளிக் செய்தாள். புத்தகத்தில் இருந்தது போலவே ரீநேம் வந்தது. அழுத்தியதும் பழைய பெயர் நீலமாகி, புதுப் பெயருக்குக் காத்து நின்றது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கம்ப்யூட்டரில் எழுதப்போகிறாள். புது நோட்டானாலும் மளிகைச் சீட்டானாலும் பிள்ளையார் சுழி போடாமல் தொடங்கின கை இல்லை அது. இந்த இங்கிலீஷ் கீபோர்டில் உ எங்கே இருக்கிறது? தேடித் தேடிப் பார்த்துவிட்டு, சாயலில் ஒத்துப்போன 2-ஐத் தட்டி, எண்டரையும் அழுத்திவிட்டாள். பழைய பெயரைத் திரும்ப வைக்கலாம் என்று பார்ப்பதற்குள் கீழே ஜாய்ஸின் ஸ்கூட்டி சத்தம். சட்டென்று துணியை எடுத்து மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள். பெயர்தானே மாறியிருக்கிறது, பொருள் அங்கேயேதானே கிடக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். பெரிய கெட்டிக்காரி.

இப்போது மணி நாலு இருபத்தைந்து. ஜாய்ஸ் பழைய பெயரைப் போட்டுத் தேடினாள், ரீசைக்கிள் பின்னைத் திறந்து பார்த்தாள், பென் டிரைவைச் சொருகிப் பார்த்தாள். அந்த ஃபோல்டரில் முந்நூறு ஃபைல்கள். ஸ்கேன் செய்த பட்டாக்களெல்லாம் 1, 2, 3 என்று வெறும் எண்களாகக் கிடந்தன. அதில் ஒரு 2 கூடுதலாக இருப்பது யார் கண்ணில் படும்?

தங்கப்பொண்ணு டீயைக் கொண்டுவந்து வைக்கிற சாக்கில் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். “ஏத்தா ஜாய்ஸு, வேற பேர்ல கெடக்குமோ என்னமோ...”

“ஒன்னையக் கேட்டாங்களா?” விருமாண்டி பாய்ந்தார். “டீயை வச்சமா போனமான்னு இரு. இங்க உசுரு போகுது.”

போய்விட்டாள். பின்பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். சொன்னால் இன்றைக்கே வேலை போகும். மறுபடியும் சூளை, மறுபடியும் தலையில் கல். சொல்லாவிட்டால்? நாலு முப்பத்தெட்டுக்கு உள்ளே விருமாண்டி சங்கத் தலைவருக்குப் போன் போட்டுப் பேசுவது கேட்டது.

“ஆமாண்ணே, அழிச்சிப்புடுச்சுண்ணே அந்தப் புள்ள. ஒத்துக்கிற மாட்டேங்குது. இன்னைக்கே வேலைய விட்டு அனுப்பிருவோம்ணே. ஊருக்குள்ள இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?”

ஜாய்ஸ் அழுதுகொண்டே மவுஸை உருட்டிக்கொண்டிருந்தாள். “சத்தியமா நான் அழிக்கல சார். நேத்துக் காலையில கூடப் பாத்தேன் சார்.” அதைக் கேட்டுக்கொண்டு தங்கப்பொண்ணால் சும்மா நிற்க முடியவில்லை. டீ கொடுக்கும்போதெல்லாம் “நீங்க குடிச்சீங்களாக்கா?” என்று கேட்கிற ஒரே ஜீவன் அது. கையை உதறிக்கொண்டு உள்ளே போனாள்.

“அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீகண்ணே. நாந்தேன்.”

“என்ன நீதேன்?”

“நேத்து அந்த லிஸ்ட்டுப் பேர மாத்துனது நாந்தேன். அழியலண்ணே, உள்ளதேன் இருக்கு.”

விருமாண்டி வாயைத் திறந்தார். பிறகு அதிலிருந்து வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. ஜாய்ஸ்தான் குறுக்கே விழுந்தாள்: “சார், திட்டுறத அப்பறம் திட்டுங்க. மணி நாலு நாப்பத்தாறு. அக்கா, என்ன பேரு வச்சீங்க?”

“ரெண்டு.”

“ரெண்டா?”

“பிள்ளையார் சுழிம்மா. புதுசா எழுதறப்ப போடணும்ல.”

ஜாய்ஸ் எழுந்து நாற்காலியை விட்டாள். “நீங்களே காட்டுங்கக்கா.”

விருமாண்டி முதுகுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டு நிற்க, தங்கப்பொண்ணு அந்த நாற்காலியில் முதல் தடவையாக ஊரறிய உட்கார்ந்தாள். மவுஸ் வியர்வையில் வழுக்கியது. ஃபோல்டரில் 2 என்று இரண்டு ஃபைல்கள் இருந்தன. ஒன்றைத் திறந்தாள். யாரோ ஒருவருடைய பட்டா.

“போச்சு!” என்றார் விருமாண்டி.

“இருங்கண்ணே!” வாழ்நாளில் அவரை அவள் அதட்டினது அப்போதுதான். பட்டாவை மூடினாள். இன்னொரு 2-க்குப் பட்டாக்களுக்கு இல்லாத பச்சை ஐகான், எக்செல். இரண்டு தடவை தட்டினாள். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. நாலு நாற்பத்தொன்பது. முதல் பெயர் வந்தது, அதற்குக் கீழே அடுத்தது, இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். ஜாய்ஸ் “ஏசுவே” என்று நெஞ்சில் கை வைத்தாள். நாலு ஐம்பத்தாறுக்கு மெயில் போய்விட்டது.

விருமாண்டி ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

“வாயத் தொறந்து சொன்னதால பொழச்ச. வேலையில இருந்துக்க. ஆனா ஜாய்ஸு, இப்பவே இதுக்குப் பாஸ்வேர்டு போடு. எனக்குச் சொல்லு, இந்தம்மா காதுல மட்டும் விழுகக் கூடாது.”

பாஸ்வேர்டு என்ற சொல்லுக்கு அவள் இன்னும் வந்திருக்கவில்லை. பஸ்ஸில் புத்தகத்தைப் புரட்டினாள். ‘உரியவர் மட்டும் உள்ளே செல்வதற்கான ரகசியச் சொல்’ என்று போட்டிருந்தது. உரியவர் மட்டும். வேலை தப்பித்ததற்குச் சந்தோஷப்பட வேண்டியவள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இறங்குகிற வரைக்கும் அழுதாள்.

மறுநாள் மதியம் ஒன்றரை. ஜாய்ஸ் ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்:

“அக்கா, கம்ப்யூட்டர்ல ஒங்களுக்குன்னு தனியா ஒரு அக்கவுண்ட்டு தொறந்து வச்சிருக்கேன். அதுக்குள்ள இருந்து என் ஃபைல் எதையும் தொட முடியாது. சாருக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்குமே வேலை போயிரும்.”

“பாஸ்வேர்டுன்னு கேக்குமேத்தா?”

“கேக்கும். புதுசா எழுதறப்ப நீங்க எதப் போடுவீங்களோ, அதத்தான் போட்டிருக்கேன்.”

படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. தங்கப்பொண்ணு ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். கீழே விருமாண்டியின் பைக் இல்லை. சேலைத் தலைப்பில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, 2-ஐ அழுத்தினாள்.