இரண்டாம் டிகாஷன்

மலையில் காபிச் செடியைப் பூக்கவைக்கும் பூ மழை பொய்த்தது. எஞ்சிப் பூத்ததையும் காலந்தவறிய பேய்மழை உதிர்த்துக் கொட்டியது. வெயில் ஆண்டுக்காண்டு உச்சி நோக்கி ஏறுகிறது. காபிச் செடி ஒதுங்க அதற்கு மேல் மலை இல்லை. அந்தக் கேடு உத்திரமேரூர் பேருந்து நிலையம் வரை வந்து, ஜெகநாதனின் காபிக் கடைக் கதவைத் தட்டியது. கொட்டை கொடுத்து வந்த காஞ்சிபுரத்து வியாபாரி கையை விரித்துவிட்டார்.

ஊரில் மிஞ்சியது ஒரே ஒரு சிறு மூட்டை. அது, காபித்தூள் அரைத்து விற்கும் வளர்மதியிடம் இருந்தது. அனுப்பிய ஏற்காட்டு விவசாயி, அடுத்த ஆண்டு தன்னிடமும் இராது என்று சொல்லியே அனுப்பினார்.

ஜெகநாதன் கடையின் வழக்கம் ஊரறிந்தது. பெஞ்சில் அமர்ந்தவர்க்கு முதல் டிகாஷன். காலனியிலிருந்து வந்து வாசலில் நின்றவர்க்கு, அதே சக்கையில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கிய இரண்டாம் டிகாஷன். நெல் மண்டியில் மூட்டை சுமந்த முனியன் சாகும்வரை அதையே குடித்தார். வளர்மதி முனியனின் மகள்.

ஜெகநாதன் அவளைத் தேடி வந்தார்.

"இன்னாமா வளர்மதி, உங்கிட்ட மூட்ட கீதாமே? நாளைக்கு முகூர்த்தம். கடைல கூட்டம் தாங்காது. பேஜாராப் போச்சிமா."

"குந்துங்க மொதலாளி. மொதல்ல ஒரு காபி சாப்டுங்க."

ஒரு மடக்கில் அவர் முகம் கோணியது.

"இன்னாமா இது, ரெண்டாந்தண்ணி!"

"அட, கண்டுபுட்ச்சிட்டீங்களே! எங்க நைனாவும் தெனம் கண்டுபுட்ச்சிக்கினு தான் இருந்தாரு. அவருக்கும் நாக்கு இருந்திச்சி மொதலாளி."

"அது ஊரு வழக்கம். நானா உண்டாக்குனேன்?"

"ஊத்துன கை யாருது?"

அவர் தலை கவிழ்ந்தார். "வெலைய நீயே சொல்லு."

"விக்கறதுக்கில்ல. நாளைக்கு எங்க காலனி வாசல்ல இத்தப் போட்டு மொதல் டிகாஷன் எறக்கறேன். யார் வேணா வந்து சேர்ல குந்திக் குடிக்கலாம். நீங்களும் வாங்க."

மறுநாள், சாரமிழந்த பழைய சக்கையில் வெந்நீர் ஊற்றி இறக்கியதையே ஜெகநாதன் பெஞ்சுக்கும் நீட்டினார். பல ஆண்டுகள் அதே பெஞ்சில் அமர்ந்த, சேட்டு என்னும் நிலக்கிழார் வாயில் ஊற்றியதைத் துப்பினார்.

"இன்னா ஜெகநாதா, கழனித்தண்ணியா குடுக்குற? மனுசன் குடிப்பானா இத்த?"

எழுந்தார். அவர் கால்கள் காலனிப் பக்கம் நடந்தன. பின்னால் பெஞ்சு முழுவதும் நடந்தது. பெஞ்சுக்கும் வாசலுக்கும் ஒரே டிகாஷன் இறங்கிய முதல் நாளிலேயே அந்தக் கடை சாய்ந்தது.

மாலையில் வளர்மதி வெறும் மூட்டையை உதறினாள். அடுத்த ஆண்டு அவள் கடைக்கும் கொட்டை வராது. அது அவளுக்குத் தெரியும். கடைசிச் சொட்டை முனியனின் டம்ளரில் பிடித்து, நின்றபடியல்ல, உட்கார்ந்து குடித்தாள்.